நானூற்றுப் பன்னிரண்டாம் எண்

செவ்வாய்க்கிழமை

பேரன்புள்ள ஆமையாருக்கு,

நான் நலம். உங்கள் நலத்தைத் தெரிந்துகொள்ள வியாழக்கிழமை ஜீப் இறங்கி வரும்வரை காத்திருக்க வேண்டும். போன் எடுக்காத மலையாகத் தேடிப்பிடித்துக் காளான் முகாம் போட்டவர்களை நான் தினமும் வாயார வாழ்த்திக்கொண்டுதான் இருக்கிறேன். இந்தப் பையில் கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன். காலில் போடுவதற்கு. பெட்டியில் பத்திரப்படுத்த அல்ல.

இங்கே ஒரு சங்கடம். தெருமுனை டெய்லர் அண்ணன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். சனிக்கிழமை காலை பள்ளிக்கூட மைதானத்து ஓரம் மழைக்கு முளைத்திருந்த வெள்ளைக் காளான்களைப் பறித்திருக்கிறார். சும்மா சொல்லக் கூடாது, ஒழுங்காக நம் நிறுவன வாசலில் இருக்கும் காளான் சோதனைக் கவுன்டருக்குக் கொண்டுவந்து காட்டியும் இருக்கிறார். கவுன்டர் பெண் தொப்பி, செவுள், தண்டு, வளையம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்தந்தப் பாகத்துக்கு நாம் கொடுத்த பட்டியல் எண்களைக் கம்ப்யூட்டரில் தட்டியிருக்கிறாள். விஷக் காளான் எதோடும் பொருந்தவில்லை என்று தாள் வந்திருக்கிறது. வெங்காயத்தோடு வதக்கி அவர் மட்டும் சாப்பிட்டார். அண்ணிக்குக் காளான் வாசனையே ஆகாது, அதனால் தப்பித்தார். ஞாயிறு விடிவதற்குள் அண்ணனுக்கு வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டன.

இன்று காலை பார்க்கப் போனேன். எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "ஒண்ணுமில்லம்மா, எண்ணெய் ஒத்துக்கல, அவ்வளவுதான்" என்று சிரித்தார். நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார் டாக்டர். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பயம் வந்தது. முதல் நாள் வாந்தி, மூன்றாம் நாள் தெம்பு, அதற்கப்புறம் ஈரல். இந்த வரிசை நமக்குத் தெரியாததா? அண்ணியிடம் சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடி, அவர்கள் வீட்டுக் குப்பைத்தொட்டியைத் தரையில் கொட்டினேன். வெட்டுத்துணிகளுக்கு நடுவே நறுக்கிப்போட்ட மூன்று தண்டுகளின் அடிப்பகுதி கிடந்தது. மூன்றிலும் அந்த விஷக் காளானின் அடையாளமான அடிப்பை. உடைத்த முட்டை ஓடு மாதிரி, வெள்ளையாக, துளி சந்தேகத்துக்கும் இடமில்லாமல்.

பேப்பரில் பொதிந்து டாக்டர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். இவரை அனுப்பாதீர்கள், ஈரலைப் பாருங்கள் என்றேன். நல்ல மனிதர், ஏன் எதற்கு என்று வாதாடாமல் கேட்டுக்கொண்டார்.

அடிப்பை என்ற சொல்லே அண்ணன் கொடுத்ததுதானே. நம் பட்டியலைப் பயன்படுத்தும் ஏழு ஆய்வகங்களும் அந்த ஒரு பாகத்துக்குக் கிண்ணம், உறை, ஓடு என்று ஏழு பெயர் வைத்துக்கொண்டு மல்லுக்கு நின்ற நாளில், உங்களை பேன்ட்டுக்கு அளவெடுக்க வந்தவர் மேஜைமேல் இருந்த படத்தைப் பார்த்தார். "இதுக்கு ஏன் சார் இவ்வளவு சண்டை? அடியில பை இருக்கு. அடிப்பைன்னு எழுதிட்டுப் போங்க" என்றார். ஏழு ஆய்வகமும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்ட ஒரே சொல் அதுதான். சனிக்கிழமையும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லையாம். "அடியில பை இருக்கேம்மா" என்று கவுன்டரில் அவரேதான் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் தாளைத் திருப்பிக் காட்டியதும், "நம்ம சாரும் அம்மாவும் செஞ்ச பட்டியலாச்சே, தப்பா இருக்குமா?" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனாராம். இதை எழுதக் கை வரவில்லை.

பட்டியலைத் திறந்து பார்த்தேன். அடிப்பையின் பழைய எண் 412. வரையறையைத் திருத்தியபோது அதற்கு 980 என்று புது எண் கொடுத்து, 412-க்கு ஓய்வு கொடுத்து, 'இதற்குப் பதில் 980-ஐப் பார்க்கவும்' என்று குறித்து வைத்தோம். பழைய பதிவுகளில் 412 என்றே இருந்தாலும் அந்தக் குறிப்பு சரியான இடத்துக்குக் கொண்டுபோய் விடும். இப்போது அந்தக் குறிப்பு அங்கே இல்லை. 412-இல் வேர்வால் என்ற வேறொரு பாகம் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆளைக் கொல்லும் அந்தக் காளானுக்கு அடியில் பை இருக்கும் என்று சொல்ல வேண்டிய பழைய பதிவு, வால் இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. கவுன்டரில் பை என்று தட்டினால் அது எப்படிப் பொருந்தும்?

யார் மாற்றினார்கள், எப்போது என்று தெரியவில்லை. கவுன்டரை மூடச் சொல்லிவிட்டேன். அண்ணனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள்
அவசரக்குடுக்கை


செவ்வாய்க்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

சாக்ஸ் அளவாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம்.

அண்ணனுக்கு நான் பயந்தபடியே ஆயிற்று. வெள்ளிக்கிழமை கண் மஞ்சளாகியது. சனிக்கிழமை தன் பெயரைக் கேட்டால் தையல் மெஷின் கம்பெனியின் பெயரைச் சொன்னார். அண்ணி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து யாரோ கொடுத்த துணிக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறார். கை சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ போகுதாம். நேற்று அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் பேசாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன் என்றால் நீங்கள் நம்புவீர்களா?

வேலையும் கழுத்தை நெரிக்கிறது. 412 என்று குறித்த பழைய பதிவுகள் அறுநூற்று நாற்பது. ஒவ்வொன்றாக எடுத்து, காய்ந்த காளான் மாதிரி இருக்கும் பெட்டியைத் திறந்து, பைதானா என்று கண்ணால் பார்த்துத் திருத்துகிறேன். இருநூற்றுப் பத்து முடிந்தது. மழை விட்டபாடில்லை. கவுன்டர் மூடியிருக்கிறது என்று சொல்லி வாசலில் திருப்பி அனுப்பினால், ஜனங்கள் பறித்த கூடையோடு வீட்டுக்குத்தான் போகிறார்கள். இரண்டு பேர் கூடையை நானே பிடுங்கிக் குப்பையில் போட்டேன். அதில் ஒருவர் என்னைத் திட்டிய திட்டை இந்தக் காகிதம் தாங்காது.

நேற்று விசாரணைக் குழு கூடியது. முதலில் கவுன்டர் பெண்ணைக் கூப்பிட்டு வறுத்தெடுத்தார்கள். தேம்பித் தேம்பி அழுதாள். அப்புறம் மாற்றப் பதிவேட்டை எடுத்தார்கள். 412-இல் வேர்வாலைச் சேர்த்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. தேதி மட்டும்தான் உண்டு, மணி கிடையாது. அது எந்தத் தேதி என்று இங்கே எழுத என்னால் முடியவில்லை. குழுவின் கடிதமும் இதே ஜீப் பையில்தான் வருகிறது, அதில் இருக்கும்.

மேஜைக்கு எதிரே சுவரில், உங்கள் கையெழுத்தில் எழுதிய அட்டை தொங்குகிறது அல்லவா? 'ஓய்வு பெற்ற எண்ணில் வேறு யாரையும் குடிவைக்கக் கூடாது.' இயக்குநர் அதைப் படித்துக் காட்டி, "எழுதினவரே செஞ்சா என்ன அர்த்தம்?" என்று கேட்டார். உங்களைப் பதில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பதில் சரியில்லை என்றால் முகாமிலிருந்து இறக்கிவிடுவதாகப் பேச்சு. பதினோரு வருஷம் கேட்டுக் கேட்டுக் கிடைத்த முகாம்.

நான் அந்த அறையில்தான் இருந்தேன். என் வாய் எதற்கெல்லாமோ திறக்கும், உங்களுக்கே தெரியும். நேற்றுத் திறக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதிலை யோசித்து எழுதுங்கள்.

உங்கள்
மனைவி


செவ்வாய்க்கிழமை

என் உயிரான உங்களுக்கு,

முதலில் நல்ல செய்தி. அண்ணன் கண்ணில் மஞ்சள் இறங்குகிறது. பிழைத்துவிட்டார் என்று டாக்டர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். ஈரல் பழையபடி ஆகுமா, மெஷினை மறுபடி மிதிப்பாரா என்பதெல்லாம் போகப்போகத்தான் தெரியும். நேற்றுத் தன் பெயரைச் சரியாகச் சொன்னார்.

குழுவுக்கு நீங்கள் எழுதிய பதில் வெள்ளிக்கிழமை என் கைக்கு வந்தது. நான்கே வரி. 'அந்த எண்ணை மறுபடி பயன்படுத்தியது நான்தான். அவசரத்தில் செய்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. முகாமை விட்டு இறங்கத் தயாராக இருக்கிறேன்.' அவசரத்திலாமே! பல் தேய்க்க இருபது நிமிஷம் எடுக்கும் மனிதர், பொய் சொல்ல வேண்டி வந்ததும் என் குணத்தை அல்லவா கடன் வாங்கியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு, காய்ந்த காளான் பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கோபம் உங்கள்மேல் பாதி, என்மேல் மீதி. இல்லை, என்மேல்தான் முக்கால்வாசி.

தேதியைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்திருக்கும். மாமாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று போன் வந்து, கம்ப்யூட்டரைக்கூட அணைக்காமல் நீங்கள் எழுந்து ஓடிய நாள் அது. திரும்பி வரும்போது உங்களுக்கு அப்பா இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் பட்டியலின் பதினெட்டுப் புதுச் சொற்களையும் ஏழு ஆய்வகங்களுக்கும் அனுப்ப வேண்டும். கடவுச்சொல்லை மூன்று தடவை தப்பாகத் தட்டியதில் என் கணக்கு பூட்டிக்கொண்டது. உங்கள் நாற்காலி காலியாக இருந்தது, திரை திறந்திருந்தது. உட்கார்ந்தேன். பதினேழு முடித்தேன். பதினெட்டாவது வேர்வால். எண் இல்லாமல் மெஷின் அதை ஏற்கவில்லை. புது எண் எடுக்க வேண்டிய பதிவேடு அலமாரியில், அலமாரிச் சாவி உங்கள் சட்டைப் பையில், சட்டை ஆஸ்பத்திரியில். 412 ஓய்வில்தானே இருக்கிறது, இன்றைக்கு மட்டும் இருக்கட்டும், நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று தட்டினேன். நாளைக்கு நாம் மாமாவைத் தூக்கிக்கொண்டு போனோம். அதற்கப்புறம் எனக்கு நினைவே வரவில்லை. அண்ணன் வீட்டுக் குப்பையைக் கிளறிவிட்டு வந்து பட்டியலைத் திறந்த அந்த நொடியில் வந்தது. யார் என்று தெரியவில்லை என்று உங்களுக்கு எழுதியது பச்சைப் பொய்.

நேற்று இயக்குநரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, எழுதியும் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்டாரும்மா. அன்னிக்குக் காலையில அவர் வேலையில இருந்ததா பதிவும் இருக்கு. இப்ப நீங்க சொல்றது புருஷனைக் காப்பாத்தறதுக்குன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க" என்றார். எப்படி இருக்கிறது பாருங்கள். எட்டு மாதம் மறந்து, பதின்மூன்று நாள் மறைத்து, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மையை ஒப்புக்கொள்ளப் போனால், நல்ல மனைவி என்று பேர் வாங்கிக்கொண்டு வருகிறேன். உங்கள் கையாலேயே உங்கள் பதிலை மறுத்து எழுதிவந்தால் ஒழிய என் கடிதத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். இல்லையென்றால் அடுத்த புதன் ஜீப்பில் உங்கள் இடத்துக்கு வேறொருவர் ஏறுகிறார்.

அங்கிருந்து அப்படியே அண்ணியிடம் போனேன். அட்டை, எண், அலமாரிச் சாவி என்று எதையும் சுற்றி வளைக்காமல், என்னால்தான் இது நடந்தது என்று சொன்னேன். ரொம்ப நேரம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். பிறகு, "உங்க வீட்டுக்காரர் பேன்ட் ரெண்டும் ரெடியா இருக்கு, கடையில மாட்டியிருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான். என் முகத்தைப் பார்க்கவில்லை. இனிமேல் பார்ப்பாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் மாட்டேன். பேன்ட் இரண்டும் இந்தப் பையில் இருக்கின்றன. அண்ணன் இடுப்பைப் பிடித்திருக்கிறார், சரியாக இருக்கும்.

நீங்கள் ஏன் அப்படி எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும். மலையில் இருப்பவனை என்ன செய்துவிடுவார்கள், கீழே தனியாக இருப்பவள் தாங்க மாட்டாள் என்று நினைத்திருப்பீர்கள். நான் தாங்குவேன். பட்டியலை விட்டு என்னை நிறுத்தினால், வீட்டில் உட்கார்ந்து உங்கள் பெட்டியில் எத்தனை ஜோடி சாக்ஸ் சேர்ந்திருக்கிறது என்று எண்ணுவேன். ஆனால் நான் செய்த தப்பு உங்கள் பெயரில் உட்கார்ந்திருப்பதை மட்டும் என்னால் தாங்க முடியாது. அண்ணனைப் படுக்க வைத்ததே அப்படி ஒரு காரியம்தான்.

நம் பட்டியலில் தப்பு என்று தெரிந்த எதையும் நாம் அழிப்பதில்லை. உங்கள் நான்கு வரியையும் அழிக்கச் சொல்லவில்லை. என் பெட்டியில் வைத்துக்கொண்டு சாகும்வரை எடுத்துப் படிப்பேன். அதற்கு ஓய்வு மட்டும் கொடுத்துவிடுங்கள். குழுவுக்கு உங்கள் கையெழுத்தில் ஒரு வரி போதும்: 'இதற்குப் பதில் என் மனைவியின் கடிதத்தைப் பார்க்கவும்.'

இதைக் கொண்டுவரும் ஜீப் அங்கே ஒரு மணி நேரம்தான் நிற்கும். பேனாவைத் தேடி, மூடியைத் துடைத்து, மை சரியாக இறங்குகிறதா என்று ஓரத்தில் கிறுக்கிப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். இந்த ஒரே ஒரு தடவை அவசரப்படுங்கள்.

உங்கள்
அவசரக்குடுக்கை