ஜார்த்தி ஓடுவானா

செப்டம்பர் 19
மகள் ஜனாருக்கு அல்மாத்தியில் பெண் குழந்தை. காலை ஆறே காலுக்கு மருமகன் கூப்பிட்டுச் சொன்னான். என் மனைவி பீபிகுல் அழுதாள், சிரித்தாள், அடுப்பில் வைத்த பாலை மறந்தாள். நான் வெளியே போய் ஜார்த்தியிடம் சொன்னேன். வாலை ஒரு தரம் ஆட்டினான். பதின்மூன்று வயது நாய்க்கு அது போதும்.

செப்டம்பர் 21
மகள் போனில். "அப்பா, நாற்பதாம் நாள் சடங்குக்கு அங்கதான் வரோம். நாய்ச்சட்டைய ஜார்த்தி கழுத்துலதான் கட்டணும். வேற நாய் வேண்டாம்."
சரி என்று சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டியது நான், ஓட வேண்டியது அவன்.
நாய்ச்சட்டை என்பது பிறந்ததும் போடும் முதல் சட்டை; நாற்பது நாளும் குழந்தைக்கு. பிறகு அதில் மிட்டாயும் காய்ந்த தயிர்க்கட்டியும் முடிந்து நாயின் கழுத்தில் கட்டுவோம். நாய் ஓடும், தெருப்பிள்ளைகள் துரத்திப் பிடித்து அவிழ்த்துத் தின்பார்கள், குழந்தை நன்றாக இருக்கும். ஜார்த்தியோ தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற வழியிலேயே ஒருமுறை உட்காருகிறான். நாற்பது என்பது பேருக்குத்தான்; பையன் என்றால் முப்பத்தேழாம் நாளே முடித்துவிடலாம். பெண்ணுக்கு நாற்பத்திரண்டு. அந்த ஐந்து நாளும் இவனுக்குப் பெரிதுதான்.

செப்டம்பர் 25
கால்நடை மருத்துவர் வந்தார். "இடுப்பு தேஞ்சுபோச்சு. எலும்பு போடாதீங்க, ஈரத்துல படுக்க விடாதீங்க, எடை கூடக் கூடாது." இனி ஆட்டுச் சாற்றில் ஊறிய ரொட்டிதான். பல்லும் இல்லையே.
வாரிவிட்டேன். ஒரு வாளி ரோமம். அம்மா மந்தைக் காவல் நாய், அப்பா வேட்டை நாய். தலையும் பிடரியும் அம்மாவைப்போல, கால் மட்டும் அப்பாவைப்போல ஒல்லி. பெரிய பெட்டிக்கு நாற்காலிக் கால் வைத்த மாதிரி. அந்தக் காலால் இத்தனை வருஷம் இந்த உடம்பைச் சுமந்திருக்கிறான்.

அக்டோபர் 3
பழையது ஏதோ நினைப்பு.
ஜனாருக்கு அப்போது பதினாலு. கோட்டுக்குள் குட்டியை ஒளித்துக்கொண்டு வந்து நின்றாள். பக்கத்து வீட்டு பெக்போலாத் எட்டிப் பார்த்தான். அவனிடம் இருப்பதெல்லாம் ஏழு தலைமுறை சொல்லக்கூடிய வேட்டை நாய்கள். "இது பாதிடா," என்றான். ஜார்த்தி. எங்கள் மொழியில் பாதி என்றால் அதுதான். கேலிக்குச் சொன்னதையே அவள் பெயராக வைத்துவிட்டாள்.
அடுத்த குளிர்காலம் முயல் வேட்டை. பெக்போலாத்தின் இரண்டு நாய்களையும் இவன் முந்திவிட்டான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. முயலை எட்டினான். கடிப்பான் என்று பார்த்தால் — வேகத்தைக் குறைத்து, முயலின் பக்கத்திலேயே ஓடுகிறான்! அது விலகினால் இவன் மறிக்கிறான். ஆட்டுக்குட்டியை வீட்டுக்குக் கூட்டி வருகிற மாதிரி எங்களை நோக்கி ஓட்டி வந்தான். "முயல் மேய்க்குதுடா உன் நாய்," என்று பெக்போலாத் பனியில் விழுந்து சிரித்தான். அன்று எனக்கு அவமானம். இன்று அந்த நாளைத் திருப்பித் தந்தால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அக்டோபர் 12
தொட்டிவரை உட்காராமல் போனான்.

அக்டோபர் 20
முதல் பனி. எழுந்திருக்கவே இல்லை. கூப்பிட்டேன், கண்ணை மட்டும் திறந்தான். பயந்துவிட்டேன்.
மத்தியானம் வந்து பார்த்தால் வாசற்படிக்கு உள்ளே, கம்பளத்தின்மேல் படுத்திருக்கிறான். முப்பது வருஷமாக எந்த நாயையும் படி தாண்ட விடாதவள் பீபிகுல். "நான் உள்ள விடல. கதவு தொறந்திருந்துச்சு, அது வந்துச்சு," என்றாள். கம்பளமும் தானாக வந்ததா என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 27
பெக்போலாத் வந்தான். "டேய், என் சின்ன நாயக் கூட்டிட்டுப் போ. நல்லா ஓடும். உன்னோடது கூட்டத்து நடுவுல படுத்துக்கிச்சுன்னா சம்பந்தி வீட்டுல அபசகுனம்பாங்க."
நாங்கள் ஒரே வயதுக்காரர்கள். ஒருவரையொருவர் எவ்வளவு கேலி செய்தாலும் கோபிக்கக் கூடாது, அதுதான் எங்கள் வழக்கம். ஆனால் இன்று அவன் கேலி செய்யவில்லை. அதனால்தான் வலித்தது. அவன் சொல்வது சரியோ? ஜனாரிடம் யார் சொல்வது? என்னால் முடியாது.

அக்டோபர் 31
நாற்பது கரண்டித் தண்ணீரில் பேத்தி குளித்தாள். ஜனார் சட்டையை முடிந்து தானே கட்டினாள். ஜார்த்தி அவள் கையை நக்கினான், எழுந்தான். பன்னிரண்டு பிள்ளைகள் பாயத் தயாராக நின்றார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பெக்போலாத், தன் சின்ன நாயைக் கயிற்றில் பிடித்தபடி.
ஜார்த்தி ஓடவில்லை. நடந்தான். பின்கால் ஒன்று இழுத்தது. பிள்ளைகள் "ஓ" என்று கத்திக்கொண்டு பாய்ந்து, நாலே எட்டில் அவனை எட்டிவிட்டார்கள்.
எட்டியவர்கள் கை வைக்கவில்லை. முன்னால் வந்த சின்னப்பெண் அவன் முகத்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும். அவனுக்கு இரண்டு பக்கமும், அவன் நடையிலேயே, முற்றத்தைச் சுற்றித் தொட்டிவரை நடந்தார்கள். அங்கே அவன் உட்கார்ந்த பிறகுதான் முடிச்சை அவிழ்த்தார்கள்.
சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெக்போலாத் சிரிக்கவில்லை. நான் அழுதேன், எழுதுவதில் என்ன வெட்கம்.

நவம்பர் 16
பெக்போலாத் வேலியோரம் வெகுநேரம் எதையோ தேடுகிற மாதிரி நின்றான். கடைசியில், "மருமகளுக்குப் பிப்ரவரியில பிரசவம். நாற்பது மார்ச் கடைசியில வரும்," என்றான்.
"உங்கிட்டதான் ரெண்டு நாய் இருக்கே," என்றேன்.
"அதுங்க ஓடிடும்டா. கூட நடக்காது."
"என்னை எதுக்குக் கேக்கற? அவனையே கேளு."
குனிந்து கேட்டான். பெயர் சொல்லித்தான் கேட்டான்.
ரொட்டியை இன்று கூடுதலாகக் கொஞ்ச நேரம் ஊறவிட்டேன். மார்ச்சுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது.