ஊர் சொல்லாத கட்டி

அக்கா,

இன்று காலை அம்மா சந்தையிலிருந்து முருங்கைக்காய் வாங்கி வந்தாள். உன் ஸ்கேன் பையில்.

நீளமான வெள்ளைப் பை. ஒரு பக்கம் ஸ்கேன் சென்டரின் பெயர். மறுபக்கம் சிரிக்கும் குடும்பம் ஒன்றின் படம். உள்ளே இருந்த பிலிம்களைப் பீரோவின் மேல் போட்டுவிட்டுப் பையை மட்டும் அம்மா எடுத்துக்கொண்டிருக்கிறாள். "முருங்கக்காய்க்குன்னே தச்ச மாதிரி இருக்கு அப்பு. ஒண்ணுகூட ஒடியல" என்றாள். உண்மைதான். காய்கள் அதற்குள் முழு நீளத்துக்கு நின்றன. காய்களை எடுத்து வைத்துவிட்டுப் பையை முகர்ந்து பார்த்தேன். அந்தக் குளிர்ந்த அறையின் வாசனை இன்னும் இருந்தது. அல்லது எனக்கு மட்டும் இருந்தது.

அம்மா குழம்பு வைக்கப் போனாள். நான் எழுத உட்கார்ந்தேன்.

ஜவுளிக்கடையில் உனக்கு முதல் மாடி. பட்டுப் பிரிவு. விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வரும்போதெல்லாம் உனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவருவேன். நீ சாப்பிட வரும்வரை கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சேலை விற்பதைவிட வேறொரு வேலையை நீ ஆசையாகச் செய்தாய்.

"ஏனுங்க, இதுலயே வாடாமல்லிக் கலரு இருக்குதுங்களா?" என்று ஓர் அம்மா கேட்டார். கூடவே கல்யாணப் பெண். நீ சேலையை எடுக்கவில்லை. முதலில் ஊரை எடுத்தாய்.

"ஒட்டன்சத்திரம் பக்கந்தானக்கா? ஆனா சத்திரம் இல்ல. அதுக்குக் கெழக்க."

"அட! எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

"மொகத்துலயே எழுதியிருக்கேக்கா."

அவர்கள் மூன்று சேலை வாங்கிக்கொண்டு போனார்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே எனக்கு விளக்கினாய். "மொகத்துலயாவது மண்ணாவது. அந்தம்மா 'ங்க' போட்டுப் பேசுச்சு. ஆனா மககிட்ட, பந்திக்குத் தொட்டுக்க வெஞ்சனம் என்ன வைக்கன்னு கேட்டுச்சு. மேக்க போகப் போக 'ங்க' ஏறும், வெஞ்சனங்கிற சொல்லு கொறையும். ரெண்டும் இருந்தா நடுவுலதானடா இருக்கணும்?"

வத்தலக்குண்டுக்காரர்களை ஒரு சொல்லில் பிடிப்பாய். டவுனில் தோல் வியாபாரம் செய்யும் பாய் வீட்டுப் பெண்களை, அவர்கள் பேரம் பேசத் தொடங்கும் முன்பே. தவறிப்போய் நான் கண்டதில்லை. பிடிபடாத ஒரே ஆள் நான்தான் என்பாய். "ஏலே, நீ எந்த ஊரு? செய்தி வாசிக்கிறவன் மாதிரி பேசுற. உன்னயக் கொண்டுபோயி எந்த ஊர்ல விட்டாலும் எங்க ஆளு இல்லன்னு தொரத்திருவாங்க." பல்கலைக்கழகம் என் பேச்சைத் துவைத்து வெளுத்திருந்தது. நீ சிரிப்பாய். நானும் சிரிப்பேன்.

அந்தக் கடையில்தான் அது கண்ணில் பட்டது. சேலையின் முந்தியை உன் இடது தோளில் போட்டுக் காட்டுவாய். அன்று வந்த வத்தலக்குண்டு அம்மா முந்தியைப் பார்க்கவில்லை.

"சேல நல்லாத்தான் இருக்கு தாயி. அதென்ன, கழுத்தெலும்புக்கு மேல சுண்டக்கா கணக்கா பொடச்சிருக்கு?"

வீட்டுக்கு வந்து இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னாய். "அம்புட்டு நேரம் சேலையக் காட்டுறேன். கடைசில கட்டியப் பாத்துட்டு எந்திரிச்சுப் போயிருச்சு."

முதலில் பார்த்த டாக்டர் நெறிக்கட்டி என்றார். காசநோயாக இருக்கலாம். எதற்கும் ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பார்த்துவிடுவோம். அம்மா மறித்தாள். ஊசி பட்டால் பரவிவிடும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். "பரவுறதுன்னா உன்கிட்டக் கேட்டுட்டாம்மா பரவும்?" என்று சொல்லிவிட்டு நீயே கிளம்பினாய்.

காசநோய் இல்லை. மதுரையில் புற்றுநோய் டாக்டர் அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினார்.

"இது புத்துநோய்தாம்மா. ஆனா கழுத்துல பொறந்தது இல்ல. வேற எங்கயோ பொறந்து இங்க வந்திருக்கு. அது எங்கன்னு கண்டுபிடிக்கணும்."

நீ நாற்காலியின் நுனிக்கு வந்தாய். "அப்ப வெளியூர்க்காரனா டாக்டர்?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விளக்கினார். நுரையீரலில் பிறந்திருந்தால் அதற்கென்று ஒரு மருந்து. மார்பில் என்றால் வேறு. குடலில் என்றால் வேறு. பிறந்த இடம் தெரிந்தால் குறிபார்த்து அடிக்கலாம். தெரியாவிட்டால் பொதுவான மருந்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க நிறைய நேரமும் இல்லை.

ஆக, உன் உயிர் ஒரு கேள்விக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எந்த ஊர்?

தேடினார்கள். மார்பை இரண்டு தகடுகளுக்கு நடுவில் நசுக்கிப் படம் எடுத்தார்கள். தொண்டை வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்தார்கள். கீழிருந்து விட்டுக் குடலைப் பார்த்தார்கள். கர்ப்பப்பை. தைராய்டு. நெஞ்சு. வயிறு. ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒரே பதில் வந்தது. நார்மல்.

அந்தச் சொல்லுக்கு நான் அதுவரை பயந்ததில்லை. அம்மா ஒவ்வொரு நார்மலுக்கும் தாடிக்கொம்புப் பெருமாளுக்குத் துளசி மாலை சாத்தினாள். மச்சான் கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டிக்கொண்டே போனில் கேட்பார்: "எல்லாம் நல்லாருக்குன்னுதான மாப்ள வருது? பெறகு ஏன் ஒரு மாதிரியாப் பேசுறீங்க?" நான் அவருக்கு விளக்குவேன். மார்பு நன்றாக இருக்கிறது என்றால் அது மார்பில் இல்லை, மச்சான். இல்லை என்றால் வேறு எங்கோ இருக்கிறது. எதிர்முனையில் ஹாரன் சத்தம் மட்டும் கேட்கும்.

நான் சாமி கும்பிடாதவன். உனக்குத் தெரியும். மேமோகிராம் முடிவுக்காக வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது வேண்டிக்கொண்டேன். மார்பிலாவது இருக்கட்டும். என் அக்காவின் மார்பில் புற்றுநோய் இருக்கட்டும். யாரிடம் வேண்டினேன் என்று தெரியவில்லை. அதுவும் கிடைக்கவில்லை.

கடைசியாகப் பெட் ஸ்கேன். சர்க்கரை போன்ற ஒரு மருந்தை ஏற்றிவிட்டு, பேசாமல், அசையாமல் உன்னைத் தனி அறையில் உட்காரவைத்தார்கள். புற்றுச் செல்களுக்குப் பசி அதிகம். சர்க்கரையை விழுங்கிவிட்டுப் படத்தில் ஒளிரும். ஒளிர்ந்தன. கழுத்தில், நெஞ்சின் நடுவில், ஈரலில், இடுப்பெலும்பில். இவையெல்லாம் அது போய்த் தங்கிய இடங்கள் என்றார் டாக்டர். பிறந்த இடம் மட்டும் இருட்டாகவே இருக்கிறது. சில சமயம் அது கடுகளவுதான் இருக்கும். சில சமயம் தானாகவே அழிந்தும் போயிருக்கும்.

பேருந்தில் வரும்போது, வாடிப்பட்டி தாண்டிய பிறகுதான் நீ பேசினாய். "எல்லா ஊர்லயும் வீடு கட்டியிருக்கான். சொந்த ஊர்ல மட்டும் வீடு இல்ல. நம்ம ஊர்லயும் இப்பிடி ஆளு உண்டுல்ல?"

இன்னொரு வழி இருந்தது. கழுத்துக் கட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து, மெழுகில் பதித்து, இழை இழையாகச் சீவி, ஒவ்வொன்றிலும் ஒரு சாயம் ஏற்றிப் பார்ப்பது. ஒவ்வொரு சாயமும் ஓர் உறுப்பின் அடையாளத்தைத் தேடும். அடையாளம் இருந்தால் பழுப்பு நிறம் ஏறும். ஏறிவிட்டால் ஊர் தெரிந்துவிடும்.

முடிவைச் சொல்ல லேப் டாக்டரே எங்களைக் கூப்பிட்டார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய பெண்மணி. நீ கேட்டாய்: "நான் அவனப் பாக்கலாமா டாக்டர்?" அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு நாற்காலியை நுண்ணோக்கியின் பக்கம் தள்ளிவிட்டார்.

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாய்.

"ரோசுல வாடாமல்லிப் பொடிப்புட்டா. நல்லாத்தான் இருக்கு. இதச் சேலையா நெய்ஞ்சு குடுத்தா ஒரே மாசத்துல வித்துரலாம்."

லேப் டாக்டர் அடுத்த கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்தார். நுரையீரலுக்கானது. மார்புக்கானது. குடலுக்கானது. தைராய்டுக்கானது. எல்லாம் வெளிறிய நீலம். ஒன்றிலும் பழுப்பு ஏறவில்லை.

"செல்லு ரொம்ப மாறிப்போச்சும்மா. பொறந்த எடத்தோட அடையாளம் எதுவும் அதுகிட்ட மிச்சம் இல்ல. எந்தச் சாயத்துக்கும் பதில் சொல்ல மாட்டேங்குது."

நீ நிமிர்ந்தாய். என்னைப் பார்த்தாய்.

"உன்னய மாதிரிடா. போன எடத்துல பேச்ச மறந்துட்டு வந்திருக்கு."

லேப் டாக்டர் சிரித்தார். நீயும் சிரித்தாய். என்னால் முடியவில்லை. அந்தக் கண்ணாடித் துண்டில் வெளிறிப்போய்க் கிடப்பது நான்தான் என்று தோன்றியது. அபத்தம்தான். ஆனாலும் இன்றுவரை தோன்றுகிறது.

பொதுவான மருந்தைத் தொடங்கினார்கள். முடி போனது. நாக்கில் ருசி போனது. பிறகு குரல். நெஞ்சின் நடுவே இருந்த கட்டி குரலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது என்றார்கள். காற்று மட்டும் வந்தது உனக்கு. வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஒரு நாள் விசாரித்தார். "நீங்க எந்தப் பக்கம்?" நீ என்னவோ சொன்னாய். அவர் குனிந்து காதைக் கொடுத்தார். மறுபடியும் சொன்னாய். கிசுகிசுப்புக்கு ஊர் கிடையாது அக்கா. அன்றுதான் எனக்கு அது தெரிந்தது. "திண்டுக்கல்" என்று நான் சொன்னேன், செய்தி வாசிப்பவனின் தமிழில்.

அப்போதும் நீ விடவில்லை. இன்னொரு முறை சதை எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம், ஏதாவது துப்புக் கிடைக்கலாம், ஆனால் உடம்பு தாங்குமா தெரியவில்லை என்று டாக்டர் தயங்கினார். அம்மா வேண்டவே வேண்டாம் என்றாள். நீ என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாய். காதுக்குள் காற்றாகச் சொன்னாய்.

"எனக்கு இல்லடா. பிள்ளைக்கு. நாளைக்கு அவ எங்க பாக்கணும்னு தெரிய வேணாமா?"

உன் மகளுக்கு. அவள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள்.

ஈரலில் ஊசி இறக்கி எடுத்தார்கள். நீ கத்தினாய். சத்தம் வரவில்லை. வாய் திறந்திருந்ததை மட்டும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எடுத்ததில் பெரும்பகுதி செத்த சதை. சோதனைக்குப் போதாது என்று பதில் வந்தது. மறுபடி எடுக்கலாமா என்று கேட்பதற்குள் உனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. அது ஒரு மதிய வேளை. ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நீ போனாய்.

எதில் செத்தாய் என்று கேட்கிறார்கள். கேன்சர். எதுல? தெரியல. அவர்கள் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். எதையோ மறைக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை என்று நிரூபிக்க என்னிடம் ஒரு கட்டு நார்மல் இருக்கிறது.

சென்ற வாரம் உன் மகள் கல்லூரியிலிருந்து போன் செய்தாள். அங்கே புற்றுநோய்ப் பரிசோதனை முகாம். பின்னால் பெண்கள் பேசும் இரைச்சல்.

"மாமா, அம்மாவுக்கு எதுல வந்துச்சுன்னு கேக்குறாங்க. என்ன சொல்ல?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"மாமா? வரிசையில ஆளு நிக்குது."

"தெரியலன்னு சொல்லும்மா."

அவள் அங்கே சொன்னாள். ஒரு நர்ஸின் குரல் கேட்டது, கோபமில்லாத, அலுத்த குரல். "தெரியலன்னா எப்படிம்மா? எந்த எடம்னு சொன்னாத்தான எதுக்கு டெஸ்ட் எழுதுறதுன்னு தெரியும்? வீட்டுல பெரியவங்களக் கேட்டுட்டு வா."

"கேட்டுட்டேன்க்கா" என்றாள் உன் மகள். "அவங்களுக்கும் தெரியல." பிறகு போனை மூட மறந்துவிட்டாள் போலிருக்கிறது. வரிசையிலிருந்து விலகி நடக்கும் செருப்புச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

நீ அவளுக்காகக் கேட்டதை என்னால் வாங்கித் தர முடியவில்லை, அக்கா. டாக்டரிடம் போனேன். எல்லாவற்றையும் பார்க்கும் சோதனை என்று ஒன்று உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். எங்கேயாவது வலித்தால், புடைத்தால் வரச் சொல்லுங்கள் என்றார். இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

நீ விட்டுப்போன கேள்வி என்னிடம் இருக்கிறது. ஒருவேளை அதன் பதிலும் எனக்குள்ளேயே எங்காவது கடுகளவு இருக்கலாம். நம் இருவருக்கும் ஒரே ரத்தம். குளிக்கும்போது கை கழுத்துக்குப் போகிறது. பிறகு அக்குளுக்கு. விலாவுக்கு. வயிற்றுக்கு. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரியவில்லை.