கடல்தொட்டியும் ஒரு கைப்பிடிப் பொரியும்

22.4.1984, ஞாயிறு

கொச்சிக்குப் பயிற்சிக்குப் போன என் நண்பன் அர்ஜுனன் என் கூடத்தில் விட்டுப்போன கடல்தொட்டி கரண்டைக் குடிக்கிறது. தண்ணீரைச் சுழற்ற இரண்டு மோட்டார். குளிர்விக்க, பழைய ஃபிரிட்ஜைப் பிரித்து அவனே செய்த ஒரு பெட்டி. நான்கு ஆரஞ்சு மீனுக்கும் பூ மாதிரி விரியும் ஒரு கடற்சாமந்திப் பிராணிக்கும் இவ்வளவு உபசாரமா?

இன்று ஒரு மோட்டாரை நிறுத்தி, மற்றதன் குழாயைக் கொஞ்சம் திருப்பிவிட்டேன். அதுவே முழுத் தொட்டியையும் கலக்குகிறது. குளிர்ப்பெட்டியை நிறுத்திவிட்டு, தண்ணீர்மேல் காற்று படும்படி டேபிள் ஃபேன் வைத்தேன். மீட்டர் சக்கரம் சோம்பலாகச் சுற்றுவதைப் பார்க்கப் பார்க்க ஆனந்தம். என் வீட்டுக்காரி பச்சையம்மாள், "வாத்தியார் மூளையாச்சே" என்று சிரித்தாள்.

30.4.84

காற்று பட்டுத் தொட்டியில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. அர்ஜுனன் கேன்களில் வைத்துவிட்டுப் போன கடல்தண்ணீரை ஊற்றி நிரப்புகிறேன். கடல் மீனுக்குக் கடல்தண்ணீர்தானே. விளிம்பில் ஏதோ வெள்ளைப் பொடி. பச்சையம்மாள் துடைத்துக்கொண்டே இருக்கிறாள்.

9.5.84

கடற்சாமந்தி சுருங்கிக் கிடக்கிறது. ஏன்?

12.5.84, சனி

இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. பார்த்ததும் கோபம் தலைக்கேறிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் அய்யங்குளத்து மீன்களுக்குப் பொரி போடுகிறவள் பச்சையம்மாள். நேற்றும் போனாள்.

"மீந்த பொரிய இதுலயும் போட்டியா?"

"ஒரு நாளும் போடலீங்க."

நான் நம்பவில்லை. பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் மோர் வாங்க வந்து நின்றிருந்தாள். அவள் முன்னாலேயே கத்தினேன் — "உன் கையில எதுதான் தங்குச்சு?"

இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவளிடம் சொல்கிற பேச்சா இது? அவள் அழக்கூட இல்லை. ஆனாலும் பொரி போட்டது அவள்தான். வேறென்ன இருக்க முடியும்?

18.5.84, வெள்ளி

அவள் அய்யங்குளத்துக்குப் போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

27.5.84, ஞாயிறு

அர்ஜுனன் லீவில் வந்தான். தண்ணீரில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தான்.

"உப்பு ஜாஸ்தியா கீதேடா. எத ஊத்துன?"

சொன்னேன்.

"ஃபேன் வெச்சது நல்ல யோசனைதான். ஆனா காத்துல போறது தண்ணி மட்டும்தானே. உப்பு இங்கயேதான தங்கும். நல்ல தண்ணி ஊத்தியிருக்கணும்."

வருடா வருடம் எட்டாம் வகுப்புக்கு ஆவியாதல் பாடம் நடத்துகிறேன். கிண்ணத்தில் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி, அடியில் தங்கிய வெள்ளைப் பொடியைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்கிறவன் நான். அந்தப் பொடியைத்தான் அவள் இத்தனை நாளும் துடைத்தாள்.

அர்ஜுனன் சொன்னது சமையலறை வரை கேட்டிருக்கும். பாத்திரச் சத்தம் சற்று நின்றது, பிறகு தொடர்ந்தது. நான் உள்ளே போகவில்லை. கோழை.

28.5.84

ஜோதியம்மாள் முன்னால் திட்டினேன். அவள் முன்னாலேயே சொல்வதுதான் நியாயம் என்று கூப்பிட்டுச் சொன்னேன். "தப்பு என்னுதுதாங்க. இவ பொரி போடல. நான்தான் உப்ப ஏத்திக் கொன்னுட்டேன்."

"அத விடுங்க சார்" என்றாள் ஜோதியம்மாள்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த பச்சையம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. "பொரி விஷயம் சரிங்க" என்றாள். அவ்வளவுதான்.

மற்றதை நான் சொல்லவே இல்லை. அதை எந்த வாயால் சொல்வது?

8.6.84, வெள்ளி

நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி உப்பைக் குறைத்தாயிற்று. மிச்சமிருக்கும் இரண்டு மீன்களும் இரை எடுக்கின்றன. கடற்சாமந்தி விரிகிறது. அதே ஒரு மோட்டார், அதே ஃபேன்.

மாலை, "அய்யங்குளம் போலாமா?" என்று கேட்டேன். கிளம்பி வந்தாள். அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்தேன். பொரிதான் வாங்கினேன். படியில் நின்று பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன்.

"நீங்களே போடுங்க. என் கை எதுக்கு?"

குரலில் கோபமே இல்லை. நானே போட்டேன். மீன்கள் மொய்த்தன. அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.