மாத்திரைக் கம்பெனியை விசாரித்தது

9 ஜூலை, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. இவருடைய யூனிஃபார்ம் ஃபேனுக்குக் கீழே.

மாலதிக்கு இண்டர்வியூ தபால். ஜீடிமெட்லாவில் ஒரு மாத்திரைக் கம்பெனி. வரும் திங்கள். மாத்திரை சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிற வேலை. பி.எஸ்ஸி. முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறாள். இப்போதெல்லாம் நான் கேலி செய்தால் திருப்பிக் கொடுப்பதில்லை. அதுதான் எனக்குப் பயம்.

இவர் ஷிஃப்ட் முடிந்து வந்தார். "பிரைவேட்டா? நம்ம ஃபேக்டரின்னா கவர்மெண்ட். இவன் நாளைக்கே பூட்டிட்டுப் போயிட்டா யாரைப் போய்க் கேக்கறது?"

"உங்க ஃபேக்டரியைப் பூட்டினா உங்களுக்கே தெரியாது. எல்லாரும் உள்ள தூங்கிட்டிருப்பீங்க" என்றேன்.

மாலதி சிரித்தாள். கொஞ்சம்.

10, புதன்

மாலதி லைப்ரரி போய் வந்தாள். கம்பெனி எப்போது ஆரம்பித்தது, என்னென்ன மாத்திரை, எல்லாம் மனப்பாடம். நல்லதுதான். ஆள் எப்படி என்று அதில் இருக்காதே.

எங்க அப்பா இவரை எப்படி விசாரித்தார்? பால்காரர், சலவைக்காரர், தெருமுனைக் கடை. கடைக்காரர், "தங்கமான பையன், ஆனா வாயைத் திறக்க மாட்டான்" என்றாராம். இன்று வரை ஒரு எழுத்து மாறவில்லை.

நானும் அப்படித்தான் போகிறேன். கேட்க வேண்டியது:

குடி உண்டா
கோபம்
பொம்பளைகளிடம் மரியாதை
சம்பளம் சொன்ன நாளில் வருமா

மாலதி எட்டிப் பார்த்தாள். "அம்மா, இது மாப்பிள்ளைக்குக் கேக்கறது. நக்கோம்மா, வேண்டாம், ப்ளீஸ்."

"மாப்பிள்ளை ராத்திரிதான் வீட்டுக்கு வருவான். மேனேஜர்கூடப் பகல் பூரா இருக்கணும்டி."

11, வியாழன்

மழை விட்டது. பச்சைப் புடவை. குஷாய்குடாவில் பஸ், செகந்திராபாத்தில் மாறி ஜீடிமெட்லா. இறங்கும் முன்பே மருந்து நாற்றம்.

கேட்டுக்கு எதிரே டீக்கடை. யாதம்மா என்று பெயர். கல்லாவில் அவள், கிளாஸ் கழுவுவது புருஷன். பார்த்ததும் பிடித்துவிட்டது.

தெலுங்கில்தான் பேச்சு. மேனேஜருக்கு என்ன வயசு, குடிப்பாரா, பெண்களிடம் எப்படி, எல்லாம் கேட்டேன். "அம்மாயி கோசமா?" என்றாள். ஆமாம், என் பெண்ணுக்காகத்தான் என்றேன். முகமெல்லாம் பல். அடுத்த டீயில் இஞ்சியைத் தட்டித் தட்டிப் போட்டாள். தொண்டை எரிந்தது.

மேனேஜர் வந்து ஆறு மாதம்தானாம். குடி இல்லை. காலையில் சத்தம் போடுவார், மதியம் மறந்துவிடுவார். கம்பெனியில் சம்பளம் தவறியதே இல்லை.

ஷிஃப்ட் விட்டது. பெண்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். பயந்த இடத்திலிருந்து அப்படி வர மாட்டார்கள். ஒருத்திக்கு நகமெல்லாம் மஞ்சள். கல்யாணமா என்றேன். "பி காம்ப்ளெக்ஸ், ஆன்ட்டி" என்றாள்.

வீட்டுக்கு வந்தும் புடவையில் அந்த நாற்றம்.

12, வெள்ளி

கெரஸின் தீர்ந்தது.

இவரிடம் எல்லாம் சொன்னேன். "டீக்கடைக்காரி சொல்றதையா நம்பறது?" கடைசியில், "இண்டர்வியூ போகட்டும். சேர்றதை அப்புறம் பாக்கலாம்." இவர் அப்புறம் என்றால் இல்லை என்று அர்த்தம். மாலதிக்கும் தெரியும்.

15, திங்கள்

மூன்று மணிக்கு வந்தாள். முகம் சிவப்பு. "எல்லாம் உன்னாலதாம்மா."

மெதுவாகக் கறந்தேன். எங்கள் கம்பெனியைப் பற்றி என்ன தெரியும் என்று மேனேஜர் கேட்டாராம். மனப்பாடம் எல்லாம் பறந்துவிட்டது. வாயில் வந்தது நான் சொன்னதுதான். சம்பளம் தவறாது, பி காம்ப்ளெக்ஸ் பக்கம் நகம் மஞ்சளாகும், பெண்கள் பேசிக்கொண்டே வெளியே வருவார்கள்.

அவர் பேனாவை வைத்துவிட்டு, வியாழக்கிழமை பச்சைப் புடவையில் வந்தது உங்கள் அம்மாவா என்றாராம். ஆமாம் என்றிருக்கிறாள்.

"யாதம்மா ஃபேக்டரி பூரா சொல்லிட்டாளாம், எனக்கு அவரை மாப்பிள்ளை பாக்க நீ வந்தேன்னு. அவருக்குக் கல்யாணமாகி ரெண்டு குழந்தைங்க. உங்க அம்மாகிட்ட சொல்லிடுங்கன்னு எல்லார் எதிர்லயும் சொல்றார்ம்மா."

இவருக்கு மோர் மூக்கில் ஏறிவிட்டது. இருமி இருமிச் சிரித்தார். நான், "போகட்டும், குடியில்லாத ஆள், கைநழுவிட்டார்" என்றேன்.

"அடுத்த மாப்பிள்ளைக்காவது மொதல்ல கல்யாணம் ஆயிடுச்சான்னு கேளு" என்றாள் மாலதி. திருப்பிக் கொடுத்துவிட்டாள். வேலை கிடைக்காவிட்டாலும் இது போதும் என்று நினைத்தேன். போதாது.

19, வெள்ளி

கிடைத்துவிட்டது. ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

தபாலை இவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். படித்தார். மடித்தார். "பாக்கலாம்."

மாலதி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். எனக்கும் கேலி ஒன்றும் வரவில்லை.

20, சனி

மழை. இவருக்கு அரை நாள்தான், வரும்போது விளக்கு ஏற்றியாயிற்று. ஓவர்டைமாம்.

சட்டையை ஊறப்போட எடுத்தேன். மருந்து நாற்றம். இவர் ஃபேக்டரியில் டீவி செய்கிறார்கள், மாத்திரை இல்லை.

"டீ எப்படி இருந்துது?" என்றேன்.

பேப்பரை விலக்கவில்லை. "இஞ்சி ஜாஸ்தி."

பக்கத்தைப் புரட்டிவிட்டு, பேப்பருக்குள்ளிருந்தே: "மாலதிக்கு ஒரு குடை வாங்கணும். அந்த பஸ் ஸ்டாப்ல கூரை இல்ல."