காரம் பத்தலை

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரித்து ஆரம்பிக்கிற மனநிலையில் நான் இல்லை. அதைப் படிக்கிற மனநிலையில் நீயும் இருக்க மாட்டாய். அப்பா நன்றாக இருக்கிறார். ட்ரிப்ஸ் ஏற்றிய கையில் வீக்கம் வடிந்துவிட்டது. கஞ்சி குடிக்கிறார், பேப்பரில் குறுக்கெழுத்துப் போடுகிறார், நான் தண்ணீர் மோட்டார் போட்டால் போட்ட விதம் சரியில்லை என்கிறார். இதைவிட நல்ல அறிகுறியை எந்த டாக்டரும் சொல்ல முடியாது.

போனில் நீ பேசியதையெல்லாம் வாங்கிக்கொண்டேன். "அறிவிருக்காடா உனக்கு? வயித்துப்புண்ணு இருக்கிற மனுஷனுக்கு மிளகாயை அரைச்சு ஊத்தி ஃப்ரைட் ரைஸ் பண்ணிப் போடுவியா? படிச்ச படிப்புக்கு இதுதான் லட்சணமா?" என்றாய். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாய். அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அதனால்தான் நான் திரும்பக் கூப்பிடவில்லை. நம் குடும்பத்தில் போனில் ஒரு விஷயத்தை ஒருவருக்கு மட்டும் சொல்ல முடியாது. இங்கே அவர் பக்கத்திலேயே இருப்பார். அங்கே நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் தேய்ப்பாய். மாமாவும் பிள்ளைகளும் கேட்பார்கள். ஆகவே கடிதம். தம்பி கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று உருகாதே, எரிச்சலில் எழுதுகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

முதல் விஷயம். அன்றைக்கு அந்த ஃப்ரைட் ரைஸை நான் செய்யவில்லை. அப்பா செய்தார்.

நம்ப மாட்டாய். அம்மா போன பிறகும் பால் காய்ச்சுவதோடு சரி என்று இருந்தவர் அவர். ஆனால் உண்மை அதுதான். அது எப்படி நடந்தது என்று உனக்குப் புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பொறுத்துக்கொள். எனக்கும் பொறுமை கிடையாது, இருந்தும் எழுதுகிறேன்.

போன மழையில் அவருக்குக் காய்ச்சல் வந்ததல்லவா? அதிலிருந்து எழுந்த பிறகுதான் சாப்பாட்டில் குறை சொல்ல ஆரம்பித்தார். எதை வைத்தாலும் இரண்டு வாய். "மண்ணு மாதிரி இருக்குடா" என்பார். என் சமையல் அப்படித்தான் என்று நானும் விட்டுவிட்டேன். திடீரென்று ஒரு நாள், தெருமுனைக் கடையில் செக்கச்செவேல் என்று போடுவானே அந்தக் காரமான ஃப்ரைட் ரைஸ், அது வேண்டும் என்றார். பச்சை மிளகாயை எண்ணிப் பொறுக்கி ஓரம் வைக்கிற மனுஷன் கேட்கிறாரே என்று வாங்கி வந்தேன். மூக்கு ஒழுக, கண் கலங்க, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். மறுநாளும் கேட்டார். அதன் மறுநாளும் கேட்டார்.

உன்னிடம் சொன்னபோது நீதான் சொன்னாய்: "கடையில வாங்காதே, எந்த எண்ணெயோ என்னமோ. வீட்டுல காரம் கம்மியாப் போட்டு நீயே பண்ணிக் குடு." மறந்துவிட்டதா? எனக்கு மறக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தால் என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் போயின.

கிடங்கு கிடங்காக ஏறி இறங்கி, வாயு கசிந்தால் அலறுகிற கருவிகளை மாட்டுகிறவன் நான். ஒரு சட்டிச் சோறு என்னை என்ன செய்துவிடும் என்றுதான் நினைத்தேன். முதல் தடவை களி மாதிரி வந்தது. சுடுசோற்றைப் போட்டது தப்பு. முதல் நாளே விறைப்பாக வடித்து, ஆற விட்டு, ஃப்ரிட்ஜில் வைத்த சோறுதான் உதிரியாக வரும். சரி. இரண்டாம் தடவை சோறு உதிரியாக இருந்தது, காய் வெந்து தண்ணீர் விட்டது. வேலைக்குக் கொண்டுபோகிற, தொடாமலே சூடு காட்டுகிற வெப்பமானியைச் சட்டிக்கு நேராகக் காட்டிப் பார்த்தேன். கேரட், பீன்ஸ், கோஸ், குடைமிளகாய் எல்லாவற்றையும் மொத்தமாகக் கொட்டிய உடனே சூடு பாதியாக விழுகிறது. கடைக்காரன் அடுப்பு ராக்கெட் மாதிரி சீறும், நம் அடுப்பு பெருமூச்சு விடும். அப்புறம் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு வதக்கக் கற்றுக்கொண்டேன். காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, விதை எடுத்து, அரைத்து, இஞ்சி பூண்டோடு எண்ணெய் பிரிகிறவரை வதக்கி, சோயா சாஸும் வினிகரும் விட்டால் கடைச் சிவப்பு வந்துவிட்டது. நானே தட்டைப் பார்த்துப் பெருமைப்பட்டேன் என்றால் பார்த்துக்கொள்.

அப்பா ஒரு வாய் போட்டார். என் முகத்தைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. காரம் பத்தலை" என்றார்.

அடுத்த வாரம் இரண்டு மிளகாய் கூட்டினேன். காரம் பத்தலை. இன்னும் கூட்டினேன். மிளகாய் விழுது வதங்கும்போது மேல் வீட்டு டீச்சர் பால்கனியில் வந்து இருமிக்கொண்டே, "தம்பி, சொல்லிட்டா நாங்களே வீட்டைக் காலி பண்ணிடுறோம், இப்படிப் புகை போட்டு விரட்ட வேணாம்" என்றார். எனக்கு நாக்கில் வைக்க முடியவில்லை. அப்பா பனியன் நனைய உட்கார்ந்து, "பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் போடலாம்" என்கிறார். நான் கத்தினேன், அக்கா. "இதுக்கு மேல போடணும்னா தட்டுல தீ வெச்சுத்தான் தரணும்" என்றேன். சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இன்னொன்றும் நடந்தது. அதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். சட்டியில் பூண்டைப் போட்டுவிட்டு ஆபீஸ் போன் வந்ததென்று வாசலுக்குப் போய்விட்டேன். பூண்டு கரிந்து, வாடை மாடிக்கு ஏறி, டீச்சர் மேலிருந்து கத்திய பிறகுதான் ஓடி வந்தேன். சமையலறைக்கு அடுத்த சுவரில் சாய்ந்துகொண்டு அப்பா பேப்பர் படிக்கிறார். "ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "குறுக்கெழுத்துல மூழ்கிட்டேண்டா" என்றார். கசிவைக் கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. இருந்தும் என் மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை.

இப்போது அன்றைய சங்கதி. ஒரு கிடங்கில் கருவி காரணமில்லாமல் அலறுகிறது என்று கூப்பிட்டார்கள், வர நேரமாகிவிட்டது. முதல் நாள் இரவே நான் சோறு வடித்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். சோறு ஐஸ் மாதிரி இருக்கிறது, இளகட்டும் என்று அப்பா காலையிலேயே எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டார். அங்கே எப்படி வெயில் அடிக்கும் என்று உனக்குத் தெரியும். சாயந்திரம் நான் வராததால், மீதமிருந்த மிளகாய் விழுதைப் போட்டு அவரே கிளறிவிட்டார். மகன் களைத்து வருவான், ஒரு நாளாவது அவனுக்கு நாம் செய்து வைப்போமே என்று நினைத்திருக்கிறார்.

வாசலில் ஷூ கழற்றும்போதே எனக்குப் புளித்த நாற்றம் அடித்தது. சாக்கடை ஏதோ அடைத்துக்கொண்டது என்று நினைத்தேன். உள்ளே மேஜையில் எனக்கென்று ஒரு தட்டு, அதன்மேல் இன்னொரு தட்டுக் கவிழ்த்து மூடி, பக்கத்தில் தண்ணீர், ஸ்பூன். அவர் தட்டு காலி. கல்யாண வீட்டில் பரிமாறுகிறவர் மாதிரி நின்றுகொண்டு, "உக்காரு, சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லு. அளவெல்லாம் உன்னோடதுதான்" என்றார். மூடியைத் திறந்தேன். அந்தப் புளித்த நாற்றம் அதிலிருந்துதான்.

என் வாய் உனக்குத் தெரியும். "இது கெட்டுப்போச்சுப்பா! ஊசிப்போன சோத்தை யாராவது கிளறுவாங்களா? இந்த நாத்தம்கூடவா தெரியலை?" என்று கத்திவிட்டேன்.

அவர் தட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு நல்லாத்தானே இருந்துச்சு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு என் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினார். அதற்குப் பிறகு அவருக்கு வாந்தி, மயக்கம், ஆட்டோ, ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு, பக்கத்தில் குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கும்போதே, "பையன் கொஞ்சம் காரமாப் பண்ணிட்டான் சார்" என்றார். உன்னிடமும் அதையே சொன்னார். ஆயுசில் பொய் சொல்லிப் பழகாத மனுஷன், என் தலையில் கட்டுவதற்கென்றே பழகிக்கொண்டாரா?

வீட்டுக்கு வந்ததும் விட்டேனா? ஒரு ஸ்பூனில் நல்லெண்ணெய், ஒரு ஸ்பூனில் வெறும் தண்ணீர். எது எண்ணெய் என்று கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். "நான் என்ன உன் மெஷினா, டெஸ்ட் பண்றியா?" என்று கோபித்துக்கொண்டார். பிறகு கண்ணை மூடினார். தண்ணீரை மோந்துவிட்டு, "எண்ணெய் நல்ல எண்ணெய்டா, மணக்குது" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டால் என் முகம் தெரியாதே, அக்கா. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை மாதமாக மனுஷன் நம் முகத்தைப் பார்த்துத்தான் சாப்பிட்டிருக்கிறார். போன முறை நீ ஊதுபத்தி கொண்டுவந்து ஏற்றினாய். மாமா மூச்சை இழுத்து ஆகா என்றார், அதற்குப் பிறகுதான் அப்பாவும் ஆகா என்றார். நினைவிருக்கிறதா?

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும் அவருக்கே தெரிந்துவிட்டது. "காய்ச்சலோட போச்சுடா. வரும் வரும்னு பார்த்தேன். வரலை" என்றார். பிறகு, "காரம் ஒண்ணுதான் தெரியுது. வாய்ல என்னமோ இருக்குன்னு அது ஒண்ணுதான் சொல்லுது" என்றார்.

காரம் என்பது ருசியே கிடையாது. அது வெறும் எரிச்சல், நாக்குக்கு வலி. எங்கோ படித்திருக்கிறேன், தெரிந்து வைத்திருந்து என்ன பிரயோஜனம்? நான் மிளகாய் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா உங்கக்கா மறுநாளே வந்து மூட்டை கட்டிடுவா. மாப்பிள்ளை வீட்டுல போய் உக்காந்து சாப்பிட என்னால ஆகாது. நீயும் அந்தப் பெரிய வேலைக்குப் போக மாட்டே. அப்பனுக்கு மூக்கு போச்சுன்னு மகன் உத்தியோகத்தை விடணுமா?" என்றார். புது ஊர்க் கிளைக்கு நான் பொறுப்பாளராகப் போகிற விஷயத்தைத்தான் சொல்கிறார். அடுத்த மாதம் போக வேண்டும். தனியாக இருந்துகொள்வேன், கவலைப்படாதே என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாரே, இதை வைத்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறார். காஸ் அடுப்பும் ஃப்ரிட்ஜும் இருக்கிற வீட்டில், மூக்கு இல்லாமல்! எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் போட முடியாது. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

மூக்கு டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். உனக்குத் தெரியக்கூடாது என்ற நிபந்தனையில்தான் வர ஒத்துக்கொண்டிருக்கிறார். சில பேருக்குத் திரும்பி வருமாம், சில பேருக்கு வராதாம். அது டாக்டர் பாடு. புது ஊருக்குப் போவதை இரண்டு மாதம் தள்ளிக் கேட்டிருக்கிறேன். அதற்குள் அவரைப் பழக்கிவிடுவேன். ஃப்ரிட்ஜில் வைக்கிற ஒவ்வொரு டப்பாவிலும் தேதி ஒட்டியாகிவிட்டது. "ஆபீஸ் ஃபைல் மாதிரி ஆக்கிட்டியேடா வீட்டை" என்று முணுமுணுக்கிறார், ஆனால் தேதி பார்த்துத்தான் எடுக்கிறார். மிளகாயைப் பாதியாகக் குறைத்து, வேர்க்கடலையை உடைத்துப் போட்டு, குடைமிளகாயை அதிகம் வதக்காமல் கடித்தால் நொறுங்குகிற மாதிரி செய்து பார்த்தேன். "இது பரவாயில்லை, பல்லுக்கு வேலை இருக்கு" என்றார். அதையே பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

நேற்று அடுப்புக்குக் கீழே, தரைக்குப் பக்கத்தில், எங்கள் கருவி ஒன்றை மாட்டினேன். காஸ் கனமானது, கீழேதான் தங்கும். அப்பா வந்து நின்று பார்த்தார். என்னடா இது என்றார். அவர் மனம் நோகக் கூடாதே என்று, "நான் சமைக்கிற லட்சணத்துக்கு ஒண்ணு இருக்கட்டும். ஏதாவது ஆனா கத்தும்" என்றேன். சோதனைப் பொத்தானை அழுத்தினேன். மாடியில் டீச்சர், "இப்ப என்னப்பா புதுசா?" என்று குரல் கொடுத்தார். அப்பா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு போகிற போக்கில், என் பக்கம் திரும்பாமலே, "கத்தட்டும். காது நல்லாத்தான் கேக்குது எனக்கு" என்றார்.

அக்கா, இதை உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று அவருக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். மீறித்தான் எழுதுகிறேன். நீ உடனே கிளம்பி வந்து அழுது வைக்காதே. பிள்ளைகளுக்கு லீவு விட்டதும், நான் ஊர் மாறிப் போகிற சமயம் பார்த்து, சும்மா வந்த மாதிரி வா. நீ சமைக்கும்போது மணக்கிறதா என்று அவரைக் கேட்காதே. பிள்ளைகளிடமும் சொல்லி வை. மாமாவுக்கு என் வணக்கம். எல்லோரும் நன்றாக இருங்கள்.

கடைசியாக ஒரே ஒரு உதவி. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நான் ஸ்பீக்கரில் போடுகிறேன். அப்பாவுக்கு ஏண்டா அப்படிச் சமைத்துப் போட்டாய் என்று எப்போதும் போல என்னைத் திட்டு. பாவமே பார்க்காதே, நல்லாச் சத்தமாகத் திட்டு. அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
திட்டு வாங்கக் காத்திருக்கும்
உன் தம்பி