பதினோராவது மாடிக்கு ஒரு லைன்

தி.நகர்
14.6.2024

அன்பு மகள் ஸ்வர்ணலதாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உன் அம்மாவுக்குக் கண்புரை முற்றிக்கொண்டு வருகிறது. என் முகம் மங்கலாகத் தெரிவதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லையாம்.

போனில் பேசினால் மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார் என்றாய். அதனால்தான் காகிதம். நம் பாத்திரக் கடையில் மூட்டை இறக்கும் மண்ணாங்கட்டியின் சம்சாரம் பாஞ்சாலி, உன் வீட்டிலேயே வேலைக்கு நிற்பது நல்லதாய்ப் போயிற்று. தபால்காரர் தேவையில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் கடையின் ஆன்லைன் ஆர்டரை நீதான் பார்த்தாய். இப்போது பார்ப்பவன் இட்லிப் பானை கேட்டவளுக்கு இடியாப்ப உரல் அனுப்புகிறான். நீயே திரும்பப் பார். ‘நெட் என் வேலைக்கே பத்தவில்லை, பாஸ்வேர்டு தர முடியாது’ என்று மாப்பிள்ளை சொன்னால் சொல்லட்டும். நம் மொட்டை மாடியில் ஒரு டிஷ், வேளச்சேரியில் உன் பதினோரு மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஒரு டிஷ். இரண்டும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால் நம் வீட்டு நெட் கம்பியில்லாமல் உன் வீட்டுக்கு வந்துவிடும். இதே தொழில் செய்கிற வலியுல்லா வந்து பார்த்துவிட்டுப் போனார். நடுவில் கிண்டி மரங்கள்தானாம், அதற்கு மேலே தாண்டிவிடுமாம்.

வாரத்தில் மூன்று நாள் மாப்பிள்ளை ஆபீஸ் போகிறார். அந்த நாட்களில் உன் வேலையைப் பார். கீழே இறங்கு. நாலு பேரோடு பேசு. அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். இலவசமாக வருவதை வேண்டாம் என்று சொன்னவரை இதுவரை நான் பார்த்ததில்லை.

அப்பா,
கனகராஜ்


வேளச்சேரி
9.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

டிஷ் மாட்டியாயிற்று. வலியுல்லா உங்களோடு போனில் கத்திக்கொண்டே ஒரு விரல் இந்தப் பக்கம், அரை விரல் அந்தப் பக்கம் என்று திருப்பிக்கொண்டிருந்தார். சிக்னல் கிடைத்ததும், “உங்கப்பா வூடு தெரியுதும்மா!” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் அப்பா, நாம் நினைத்தது ஒன்று, நடந்தது வேறு. லைனின் வேகத்தைப் பார்த்துவிட்டு அவர் மேனேஜரிடம் பேசி, வாரம் முழுக்க வீட்டிலிருந்தே வேலை என்று வாங்கிவிட்டார். தன்னுடைய பழைய கனெக்ஷனை நிறுத்திவிட்டார். புதுசுக்கும் பாஸ்வேர்டை மாற்றி அவரே வைத்திருக்கிறார். “உங்கப்பா புண்ணியத்துல இனிமே டிராஃபிக்கே கிடையாது” என்கிறார்.

வாசல் கதவுக்கு எதிரே மேசை போட்டிருக்கிறார். அவரைத் தாண்டாமல் நான் வெளியே போக முடியாது. எங்கே, எதற்கு, எவ்வளவு நேரம் என்று கேட்பார். பதில் சொல்லி முடிப்பதற்குள் போகிற ஆசையே போய்விடும். மீட்டிங் நேரத்தில் மிக்ஸி கூடாது, குக்கர் விசில் கூடாது. கடுகு வெடிக்கிற சத்தம்கூட அவருக்கு ஆகாது. பாஞ்சாலி என் காதருகே வந்து, “இன்னாம்மா இது, உங்க ஊட்டுக்காரு நாற்காலியோட தச்சி வச்ச மாரி குந்திகினு கீறாரு?” என்றாள். சிரித்துவிட்டேன். உடனே ஹாலிலிருந்து, “என்ன சிரிப்பு?” என்று குரல்.

எனக்கென்று இருந்த அந்த மூன்று நாளும் போய்விட்டது. லைனை நிறுத்திவிடுங்கள் அப்பா. நான் அங்கே வந்துவிடுகிறேன்.

உங்கள்
சொர்ணம்


தி.நகர்
13.7.2024

அன்பு மகளுக்கு,

புருஷன் வீட்டிலேயே இருக்கிறான் என்று குறைப்படுகிற பெண்ணை இப்போதுதான் பார்க்கிறேன். அடிக்கிறாரா? குடிக்கிறாரா? அப்படி ஏதாவது இருந்தால் சொல், அடுத்த நிமிஷம் வந்து நிற்பேன்.

லைனை நிறுத்தினால் அவர் பிழைப்பில் கை வைத்த மாதிரி ஆகும். நம் ஊர்ச் சனம் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு இன்னும் இரண்டு வருஷம் ஆகவில்லை. நீ பெட்டியோடு வந்து இறங்கினால் தெருவில் பக்கத்துக் கடைக்காரர்கள் வாய் சும்மா இருக்காது. கொஞ்சம் பொறு. தினமும் வீடியோவில் உன் முகத்தைப் பார்க்கிறோமே, அது போதாதா?

அம்மாவுக்கு வருகிற வெள்ளிக்கிழமை அடையாறில் கண் ஆபரேஷன். மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு வா. மற்றதை நேரில் பேசுவோம்.

அப்பா


வேளச்சேரி
20.7.2024

அப்பாவுக்கு,

அம்மாவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்றா? நான் வரவில்லை என்று கோபமாக இருப்பீர்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் புடவை மாற்றி, பையோடு ஹாலுக்கு வந்தேன். “எதுக்கு அலையிறே? டிஷ்தான் இருக்குல்ல, வீடியோல பாத்துக்கோ. உங்கப்பா அதுக்குத்தானே போட்டாரு” என்றார். பையை என் கையிலிருந்து வாங்கி அலமாரிக்கு மேலே வைத்தார். கோபப்படக்கூட இல்லை. அடுத்த மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டார்.

அடிக்கவில்லை. குடிக்கவில்லை. நீங்கள் கேட்ட இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டேன்.

நம் கடை பில்லின் அடியில் அச்சடித்திருப்பீர்களே, விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று. உங்கள் கடிதம் முழுக்க எனக்கு அந்த ஒரு வரிதான் தெரிந்தது. இனிமேல் இதைப் பற்றி எழுத மாட்டேன்.

சொர்ணம்


தி.நகர்
22.7.2024

சொர்ணம்,

அம்மாவுக்குப் பார்வை பளிச்சென்று வந்துவிட்டது. முதலில் உன்னைத்தான் பார்க்க வேண்டும் என்றாள். நேற்று வீடியோவில் நீ சிரித்தாய், சாப்பிட்டேன் என்றாய், நல்லா இருக்கேன் என்றாய். போனை வைத்ததும் அவள் கேட்டாள்: “ஏங்க, ஒவ்வொரு பதிலுக்கு முன்னாடியும் பிள்ளை இடது பக்கம் பார்க்குதே, அங்க யாரு இருக்கா?”

நான் கல்லாவில் உட்கார்ந்தே நரைத்தவன். சட்டியைத் தொடுவதற்கு முன்னால் புருஷன் முகத்தைப் பார்க்கிற பெண்கள் கடைக்கு வருவார்கள். வாசலில் ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிடும். அவர்களில் ஒருத்தி தினமும் என் போனில் வந்துகொண்டிருந்தாள். ராத்திரி தூங்கவில்லை.

பில்லில் அச்சடித்தது வாங்க வருகிறவர்களுக்கு. உன்னை நான் யாருக்கும் விற்கவில்லை.

இன்று காலை மாடிக்குப் போய் நம் டிஷ்ஷை என் கையாலேயே திருப்பிவிட்டேன். இப்போது அது பாண்டி பஜாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மதியத்துக்குள் மாப்பிள்ளை போன்: “மாமா, லைன் போயிடுச்சு, உடனே ஆள் அனுப்புங்க.” அனுப்புகிறேன் என்றேன். புதன்கிழமை காலை நானே வருகிறேன். வலியுல்லாவும் மண்ணாங்கட்டியும் கூட வருவார்கள். வாசல் கதவை மாப்பிள்ளையே திறந்துவிடுவார்.

அலமாரிக்கு மேலே இருக்கிற பையை மண்ணாங்கட்டி எடுத்துக்கொள்வான். சர்டிபிகேட், ஆதார் மட்டும் நீ கையில் வைத்திரு. அவரிடம் பேச வேண்டியதை நான் பேசுகிறேன். நீ எந்தப் பக்கமும் பார்க்க வேண்டாம், லிப்டைப் பார்த்து நட.

தெருக்காரர்கள் பேசட்டும். பேசி முடித்துவிட்டு நம் கடைக்குத்தான் பாத்திரம் வாங்க வர வேண்டும்.

கடையின் பெரிய வண்டியைக் கொண்டுவருகிறேன். அங்கிருந்து ஏற்ற வேண்டிய சாமான் அந்த ஒரு டிஷ்தான். மிச்ச இடமெல்லாம் உனக்கு.

அப்பா