ஒலிபெருக்கியில் உன் கடிதம்

சாயல்குடி வழி
2.2.1998

அன்பு மகள் முத்தழகுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அய்யாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பம்பாயில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். அய்யாவுக்கு முழங்கால் வலி தேவலை, வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, கடல்பாசி இந்த மாதம் பரவாயில்லாமல் கிடைக்கிறது. மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால் அதைத்தான் கீழே எழுதுகிறேன்.

குடியரசு தினத்தன்று நடந்த கிராம சபையைப் பற்றி உனக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள், நானே எழுதுகிறேன். ஊற்றுக்குப் பக்கத்தில் இறால் பண்ணை வெட்ட வெளியூர் முதலாளி மனுக் கொடுத்திருப்பதும், பண்ணை வந்தால் உப்பு இறங்கி நாம் குடிக்கிற தண்ணீர் கெட்டுப்போகும் என்பதும் நீ அறிந்ததுதான். பெண்களுக்கு ஒதுக்கிய ஊர் என்று என்னைப் பஞ்சாயத்துத் தலைவி ஆக்கிய நாளிலிருந்து எல்லாக் கூட்டத்திலும் உன் சித்தப்பா தங்கசாமிதான் எனக்காக மைக் பிடித்தார், நம் பக்கத்தில் எந்தத் தலைவிக்கும் அப்படித்தானே. ஆனால் அவருக்குப் பண்ணையில் மேஸ்திரி வேலை தருவதாகப் பேச்சு, அதனால் இந்த முறை நானே பேசுவது என்று துணிந்தேன். மேஸ்திரி வேலை விஷயத்தை உனக்கு எழுதவில்லை, குடும்பத்துக்குள் பகை வேண்டாம் என்று விட்டேன், அது என் தப்பு. ஆனால் உன் அய்யாவிடம்கூடச் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொன்னேனே. அக்டோபர் கூட்டத்தில் நன்றி சொல்ல என்னை எழுப்பியபோது பயத்தில் நின்ற இடத்திலேயே சேலை நனைந்துவிட்டது, பாசி எடுத்துவிட்டு நேராக வந்ததால் எல்லாரும் கடல் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள் என்று எழுதினேன். இந்தப் பயத்துக்கு என்ன செய்ய என்று உன்னிடம்தான் கேட்டேன்.

நீயும் நல்ல பதில்தான் போட்டாய். எழும்புவதற்கு முன் நாலு தடவை மூச்சை இழுத்து மெதுவாக விடு, சொல்ல வேண்டியதை மூன்று வரியாக எழுதிக்கொள், முதல் வரியை மட்டும் மனப்பாடம் செய் என்று. பாசி எடுக்கக் கடலுக்கடியில் மூச்சடக்குகிறவளுக்கு மூச்சு விடச் சொல்லித் தருகிறாளே என்று சிரித்தேன், ஆனாலும் செய்தேன். பாசி காயப்போடுகிற இடத்தில், என்னோடு பாசிக்கு வருகிற பஞ்சம்மாளை உட்காரவைத்துப் பேசிப் பார்த்தேன், அவள், "வெட்டப்போற ஆடு மாதிரி முழிக்காதத்தா, சத்தமாச் சொல்லு" என்று திட்டித் திட்டித் திருத்தினாள்.

கூட்டத்தன்று பள்ளிக்கூட மரத்தடியில் ஊரே உட்கார்ந்திருந்தது, ஒன்றியத்திலிருந்து அதிகாரியும் வந்திருந்தார். என் பேரைச் சொன்னதும் எழுந்தேன், அதற்குள் சித்தப்பா மைக்கை வாங்கிக்கொண்டு சட்டைப் பையிலிருந்து ஒரு இன்லண்டு லெட்டரை எடுத்தார். "எங்க மதினிக்குப் பேச ஏலாது, நான் சொல்லல, அவுக பெத்த மகளே எழுதிருக்கு, கேளுங்க" என்று வரி விடாமல் வாசித்தார். அம்மாவை எழுப்பிவிடாதீர்கள் சித்தப்பா, நீங்களே பேசிவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். அதோடு விட்டிருக்கக் கூடாதா? சேலை நனைந்ததையும் எழுதியிருந்தாய். இரண்டு ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தார்கள் முத்தழகு, கரையில் வலை சரிசெய்துகொண்டிருந்தவர்கள் வரை கேட்டது. இளவட்டங்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள், உன் அய்யா தலையைக் குனிந்துகொண்டார். சித்தப்பா மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை, அவர் குணம் தெரிந்ததுதான். பேசு அம்மா என்று எனக்கு ஒரு கடிதமும் அம்மாவால் முடியாது என்று அவருக்கு ஒரு கடிதமும் எப்படியடி எழுதினாய்? ஒரே நாளில் தபாலில் போட்டாயா?

நான் உட்காரவில்லை. மறைத்து வைத்திருந்தது சந்திக்கு வந்தாயிற்று, இனி என்ன போகப்போகிறது என்று தோன்றியது. மைக்கை அவர் தரவில்லை, மைக் இல்லாமலே கத்தினேன். "ஆமா, அது நெசந்தான், எனக்குப் பயந்தான். நல்லாச் சிரிங்க. இந்த ஊத்து உப்பாப் போச்சுன்னா உங்க புள்ளைக எதைக் குடிக்கும், அதையும் சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க" என்றேன். எழுதிப் படித்த மூன்று வரியும் மறந்துபோய் இதுதான் வந்தது. முதலில் பஞ்சம்மாள் கை தூக்கினாள், பிறகு பாசிக்குப் போகிற பெண்கள் எல்லாரும், அப்புறம் ஆண்களில் பாதிப் பேர். பண்ணை வேண்டாம் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார் அதிகாரி, மேலே என்ன ஆகும் என்று தெரியாது.

ஜெயித்துவிட்டாய் என்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. நான் அவமானப்படக் கூடாது என்ற பாசத்தில்தான் நீ அப்படிச் செய்திருப்பாய், அது புரியாதவள் இல்லை, புரிந்தும் ஆறவில்லை. முன்னெல்லாம் எது நடந்தாலும் உனக்கு எழுதக் கை பரபரக்கும். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து ஐந்து நாள் ஆகிறது, ஒவ்வொரு வரிக்கும் இதை யாரிடம் காட்டுவாளோ என்று யோசிக்கிறேன். ஊருக்கு முன்னால் பேசுகிற பயம் கொஞ்சம் விட்டிருக்கிறது, உன்னிடம் பேசத்தான் பயமாக இருக்கிறது. பெற்ற மகளுக்கு இப்படி எழுத எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, ஆஸ்பத்திரி வேலையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்காதே, கால் வீங்கும். சித்தப்பாவிடம் சண்டை போட்டு எழுதாதே, அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். மாரியாத்தா உன்னை ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். பதில் எழுது. எனக்கு மட்டும் எழுது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
உ. பூமயில்